செங்குவாங் பூவைக் கிள்ளாத வருடம்

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்து மேசையில் உன் கல்யாண அழைப்பிதழ் உறைகளைப் பரப்பிவைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம். சுங்கை சிப்புட் ஊர்ப் பட்டியலின் கடைசியில் அந்தோணியம்மா என்று ஒரு பெயரைச் சேர்த்தேன். நீ எட்டிப் பார்த்துச் சிரித்தாய். "யாரு, துபா ஆயாவா? வேணாம்லா மா. மீன் கொண்டாந்துட்டாங்கன்னா அப்புறம் மாப்பிள்ளையே இருக்க மாட்டான்." உனக்கு மனைவியாக வரப்போகிற பெண்ணும் சிரித்தாள். அந்தக் கதையை நீ அவளுக்கு எப்போதோ சொல்லியிருக்கிறாய். ஆறு வயதில், துபா வேரை ஆற்றில் விட்டுப் பிடித்த மீனைச் சாப்பிட்டு நீ செத்துப் பிழைத்த கதை. நன்றாகத்தான் சொல்வாய், லாரி குலுங்கியதையும் தோட்டத்து மருந்தக டிரஸ்ஸர் ஓடிவந்ததையும் நடித்தே காட்டுவாய். நான் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்து போனேன். அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் கொதித்து அடங்கும்வரை அடுப்படியிலேயே நின்றேன். நேரில் பேசி எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

அந்த மீனில் நஞ்சு இல்லை. உனக்கு நஞ்சைக் கொடுத்தது நான். அதை நான் தெரிந்துகொள்ள இரண்டே நாள்தான் ஆயிற்று. பதினெட்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை, அவர் அந்த மீன் கதையை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். நீ இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. செய்வதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் முழுவதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

அப்போது நாம் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். உன் அப்பா அங்கே கிராணி, ஆபீசில் கணக்கும் கடிதமும் அவர் பொறுப்பு. நான் சுங்கை சிப்புட் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அந்தத் தோட்டத்தில் பல்கலைக்கழகம் போய் வந்த பெண் நான் ஒருத்திதான். அது எனக்கு நன்றாகத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும்படிதான் நடந்துகொண்டேன். அந்தோணியம்மா ஆயாக் கொட்டகையில் வேலை செய்தார். தாய்மார்கள் பால்வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போவார்களே, அந்தத் தகரக் கொட்டகை. முழங்கால் கெட்டுப்போய் மேட்டுக் காட்டில் ஏறி இறங்க முடியாமல் இருந்தவருக்கு நிழலில் கிடைத்த வேலை அது. கஞ்சி காய்ச்சி, பால் கலக்கி, முப்பது பிள்ளைகளுக்கும் அவர் கையால்தான் சாப்பாடு. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஊரே கூப்பிடுகிற மாதிரி ஆயா என்றுதான் கூப்பிட்டேன்.

கொட்டகை வேலியில் அவர் செங்குவாங் போட்டிருந்தார். ஈப்போவில் ரொஜாக் கலவை விற்கிற வண்டிக்காரர் வெள்ளையாகச் சீவிப் போடும், நறுக்கென்று கடிபடும் அந்தக் கிழங்குதான். உனக்கு இப்போதும் பிடிக்கும். அது தரையோடு கிடக்கும் செடி இல்லை, பிடித்து ஏறுகிற கொடி. பிறந்த இடம் அமெரிக்கா. அதன் சொந்தக்காரக் கொடி ஒன்றை ஆண்டிஸ் மலைப் பக்கத்தில் இன்றும் கிழங்குக்காக வளர்க்கிறார்கள். கப்பலேறி, எத்தனையோ கை மாறி, சுங்கை சிப்புட் தோட்டத்து முள்கம்பி வரைக்கும் வந்துவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்தோணியம்மாவுக்கு அதை வளர்க்கத் தெரிந்திருந்தது. மண்ணைக் கொத்தி நீளமாக மேடு கட்டுவார். மேட்டின் தலையில் விதை ஊன்றுவார். ஒரு முழம் வளர்ந்ததும் கொடியின் நுனியைப் பிடித்துக் கம்பியில் சுற்றிவிடுவார். மூன்றாவது மாதம் ஊதாப் பூ கொத்தாக வரும். தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அந்தப் பூவையெல்லாம் கிள்ளிப் போடுவார். ஐந்தாவது மாதம் மேட்டில் மண் வெடிக்கும். வெடிப்பில் விரலை விட்டு அளவு பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாளு போவட்டும்" என்பார்.

அவரைப் பார்த்து நானும் நம் வீட்டுப் பின்வேலியில் போட்டேன். விதை அவர் கொடுத்ததுதான். முதல் வருடம் அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன், கிழங்கு உன் தலை பருமனுக்கு விளைந்தது. பச்சையாகச் சீவி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றோம். நெத்திலி போட்டுப் பிரட்டினேன். உன் அப்பாவுக்குப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டாக வைத்தால்தான் பிடிக்கும். சமைக்கும்போது தண்ணீர் ஊற்றாதே, அதுவே தண்ணீர் விடும். இறக்கும்போதும் பல்லுக்குக் கொஞ்சம் வேலை மிச்சமிருக்க வேண்டும். தஞ்சோங் மாலிமில் நீ பார்த்திருக்கிற வீட்டுக்கு வேலி இருக்கிறது என்று சொன்னாய். போட்டுப் பார். தைரியமாகச் சொல்கிறேன், நல்ல கொடி.

இரண்டாவது வருடம் நான் பூவைக் கிள்ளவில்லை. கொடி எப்படிக் காய்க்கிறது என்று பார்க்க ஆசை. அந்தோணியம்மா ஒருநாள் நம் வேலியைத் தாண்டிப் போகையில் நின்றார்.

"என்னா டீச்சர், பூவ அப்படியே விட்டுட்டீங்க? கெழங்கு நாராப் போயிரும்லா."

"காய் எப்படி இருக்குன்னு பாப்போம் ஆயா."

"காயில என்னா இருக்கு பாக்க? விதைக்குன்னா ஒத்தக் கொடிய விடுங்க, போதும். அது ஊனுறதுக்குத்தான். வாய்க்கு ஆகாது."

ஆகாது என்ற அந்தச் சொல்லை நீ கவனிக்க வேண்டும். தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தான். வெள்ளிக்கிழமை நகம் வெட்ட ஆகாது. மீனும் தயிரும் ஒரே இலையில் ஆகாது. பூனை குறுக்கே போனால் ஆகாது. வெயிலும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது பிள்ளையை வெளியே தூக்கி வர ஆகாது. நான் என் மாணவிகளிடம் ஆகாதவற்றை எல்லாம் எழுதிவரச் சொல்லி, ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் போட்டு, இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டுச் சிரித்தவள். "உங்களுக்கு எதுதான் ஆகும் ஆயா?" என்று அவரையும் கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சொல்லுக்குள் நூறு மூடநம்பிக்கையும் ஓர் உண்மையும் கலந்து கிடந்தன. பிரித்துப் பார்க்கத்தான் எனக்குப் படிப்பு கொடுத்தார்கள். நான் மொத்தமாகக் கொட்டிவிட்டேன்.

காய் முற்றிக் காய்ந்தது. உள்ளே தட்டையான, மொச்சை மாதிரி விதை. நான் இப்படி யோசித்தேன்: இது பயறுக் குடும்பம். பயறில் புரதம் உண்டு. கொட்டகைப் பிள்ளைகள் கஞ்சியும் சர்க்கரைப் பாலும் தவிர வேறு ஒன்றும் பார்ப்பதில்லை. வேலியில் சும்மா காய்ப்பதை அவித்துக் கொடுத்தால் என்ன? பச்சையாக ஏதாவது கெடுதல் இருந்தாலும் ஊறவைத்து வேகவைத்தால் போய்விடும். திங்கட்கிழமை அந்தோணியம்மாவிடம் சொல்லிக் கொட்டகையில் செய்ய வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு தரம் செய்து பார்க்கலாம் என்று சனிக்கிழமை ஊறப்போட்டேன். என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளும்போது, நல்லவேளை அந்த முப்பது பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை என்று நினைப்பேன். பிறகு, முதலில் யாருக்குக் கொடுத்தேன் என்பது ஞாபகம் வரும்.

அந்தச் சனிக்கிழமை உன் அப்பா ஈப்போவுக்குப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் அந்தோணியம்மா ஒரு கிண்ணத்தில் மீன் குழம்பு கொண்டுவந்தார். அவருடைய கணவர் சவரிமுத்து முந்தின நாள் ஆற்றில் வலை போட்டிருந்தார், லம்பாம் மீன். "தம்பிக்கு முள்ளப் பாத்துக் குடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாம் இருவரும் அந்த மீனோடு சோறு சாப்பிட்டோம். அதன் பிறகு நான் தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்த சுண்டலைக் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். நீ கச்சான் கடலை மாதிரி இருக்கிறது என்று கிண்ணம் காலியாகும்வரை தின்றாய். நான் நாலைந்து விதைதான் வாயில் போட்டேன். லேசாகக் கசந்தது.

ஒரு மணி நேரத்தில் நீ வாந்தி எடுத்தாய். உதடு எரிகிறது என்றாய், பிறகு உதட்டையே காணோம் என்றாய். கை கால் துவண்டு போய், கண் சொருகியது. உப்புத் தண்ணீர் கொடுத்துத் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்க வைத்தேன், மருத்துவர்கள் அப்படிச் செய்யச் சொல்கிறார்களோ இல்லையோ, அன்று எனக்குத் தெரிந்தது அதுதான். டிரஸ்ஸர் ஓடிவந்தார். மேசையில் இருந்த குழம்புக் கிண்ணத்தைப் பார்த்தார். "ஆத்து மீனா? யாரு புடிச்சது? இது துபா கேஸ் டீச்சர், சந்தேகமே இல்ல" என்றார். துபா காட்டுக் கொடி வேர். நசுக்கிப் பிழிந்து ஆற்றில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். தோட்டத்தில் அதற்குத் தடை இருந்தது, தடையை மீறுகிறவர்களும் இருந்தார்கள். சுண்டல் கிண்ணம் கழுவும் இடத்தில் கிடந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் அதை நினைக்கவில்லை, அந்த நேரத்தில் உண்மையிலேயே நினைக்கவில்லை. லாரியில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் உதடும் மரத்திருந்ததை ஞாயிற்றுக்கிழமைதான் நினைத்துப் பார்த்தேன். உனக்குக் கண் தெளிந்து, "மா, பசிக்குது" என்று நீ சொன்ன பிறகு.

திங்கட்கிழமை உன்னை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். கைப்பையில் மிச்சமிருந்த விதைகள். ஆய்வுக்கூடத்தில் இரண்டு விதையை நசுக்கித் தண்ணீரில் கரைத்தேன். வாய்க்காலில் பிடித்த சின்ன மீன்கள் ஒரு கண்ணாடிச் சாடியில் இருந்தன, அதில் ஊற்றினேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. ஒவ்வொன்றாகத் தடுமாறி, சாய்ந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தன. துபா போட்டால் எப்படி மிதக்குமோ அப்படியே. பிற்பாடு புத்தகத்தில் பார்த்தேன். துபா வேரில் இருக்கும் நஞ்சும் செங்குவாங் விதையில் இருக்கும் நஞ்சும் ஒன்றேதான். கிழங்கு சாதுவானது, விதை அப்படியில்லை, வேகவைத்தாலும் அடங்காது. டிரஸ்ஸர் நஞ்சைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அது வந்த வழியைத்தான் தவறாகச் சொல்லிவிட்டார். இன்னொன்றும் அப்போது உறைத்தது. அதே மீனை அந்தோணியம்மா வீட்டில் ஐந்து பேர் தின்றிருந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருக்கும் தோன்றாவிட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுப்பவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சாடியைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கொட்டகை வாசலில் கூட்டம். தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி உரக்கச் சொன்னாள்: "கிராணி ஊட்டுப் புள்ளைக்கே துபா மீனக் குடுத்தவ, எம் புள்ளைக்கு என்னாத்தக் குடுப்பாளோ!" அந்தோணியம்மா உள்ளே பால் கலக்கும் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முன்னே வந்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. அவரு வல போட்டுத்தான் புடிச்சாரு. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான், "பையன் நல்லா இருக்கான், ஆயா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் உன் அப்பா மேனேஜரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "படிச்ச பொம்பள வீட்ல இருந்ததாலதான் சார் பையன் பொழைச்சான்." நான் உள்ளே போய் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அந்தோணியம்மாவை மறுபடி பால்வெட்டுக்குப் போடும் கடிதத்தை உன் அப்பாவே தட்டச்சு செய்தார். அந்த முழங்காலோடு ஒன்பது வருடம் மேட்டுக் காட்டில் வெட்டினார். காலையில் நான் பஸ்ஸுக்குப் போகும்போது சில நாள் எதிரே வருவார், வாளியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. தலையசைப்பார். நானும் தலையசைப்பேன். வேலியில் இருந்த கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டேன். நீ ஏன் என்று கேட்டாய். பூச்சி விழுந்துவிட்டது என்றேன்.

நான் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். பயம் என்று சொன்னால் அது பாதிதான். பிள்ளைக்கு நஞ்சு கொடுத்தவள் என்ற பேரைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். முட்டாள் என்ற பேரைத்தான் தாங்க முடியாது என்று நினைத்தேன். அதுவும் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வேலி ஓரம் நின்று முன்கூட்டியே சொல்லியிருந்த ஒன்றில்.

போன வியாழக்கிழமை சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். அந்தோணியம்மா இப்போது மகள் வீட்டோடு இருக்கிறார், தோட்டத்தை வெட்டிப் போட்ட பிறகு கட்டிய வீடுகளில் ஒன்று. முன்வேலியில் செங்குவாங், பூ கிள்ளிய கொடி. என்னைப் பார்த்ததும் "டீச்சரா, வாங்க, வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அக்கா என்று கூப்பிட வாய் வந்தது. சொல்லப்போகிற விஷயத்துக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போடுவது ஏமாற்று மாதிரி இருந்தது, கூப்பிடவில்லை. சுண்டலிலிருந்து சாடி மீன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். கொட்டகை வேலையைப் பற்றிக் கேட்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

தடவிய கையை நிறுத்திவிட்டு, "அப்ப அவரு துபா போடல" என்றார்.

"இல்ல."

"சத்தியம் பண்ணுனாரு டீச்சர். மாதா படத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணுனாரு. சாகுற அன்னிக்கிக்கூட, 'நான் போடல அந்தோணி'ன்னாரு." சேலை நுனியால் வாயைத் துடைத்தார். "நான் நம்பல. ஊரு சொன்னா போவுதுன்னு விட்றலாம். நான் நம்பலையே. பதினோரு வருசம் ஒரே ஊட்டுல இருந்து அவரு கையால புடிச்ச மீன நான் சட்டியில போட்டதே இல்ல."

அந்தோணியம்மாவின் வேலையையும் முழங்காலையும் பற்றித்தான் இத்தனை வருடம் குற்ற உணர்வோடு யோசித்திருந்தேன். அந்த வீட்டுக்குள் ஒரு மனிதர் பதினோரு வருடம் பொய்யராக வாழ்ந்து செத்தார் என்பது என் கற்பனைக்கே எட்டவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை நான் சொன்னேன். அவர் அதற்கு "இருக்கட்டும்" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். ஊர் நம்பிய பொய்யை உன் காதில் மட்டும் திருத்தினால் போதாது என்று எனக்குத் தோன்றியது. "போடுங்க. எம் பேரப் போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுதான். அவரு பேரப் போடுங்க. நல்லாத் தெரியிற மாதிரி போடுங்க" என்றார். அதனால் போடுகிறேன்: சவரிமுத்து ஆற்றில் துபா போடவில்லை. வலை போட்டுத்தான் மீன் பிடித்தார்.

எழுந்து வரும்போது அழைப்பிதழை நீட்டினேன். கையை நீட்டி வாங்கவில்லை. "நீங்க குடுக்க வேணாம் டீச்சர். தம்பி வந்து குடுக்கட்டும். சனிக்கிழமை பகல் ஊட்டுலதான் இருப்பேன்." வாசலில் நின்று கொடியைப் பார்த்துவிட்டு, "மருமவன்கிட்ட மீனு புடிச்சாரச் சொல்றேன்" என்றார். "தம்பி திம்பானா?"

தெரியவில்லை என்று சொன்னேன். அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்த சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன், அதை உன் வாயில் வைத்ததும் நான்தான். என்மேல் உனக்கு வரப்போகிற கோபத்தை நீ வைத்துக்கொள், அவசரமாக ஆற்றிக்கொள்ள வேண்டாம். கல்யாண மேடையில் என் பக்கத்தில் முகம் கொடுக்காமல் நின்றாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் அந்தக் கதையை இனிமேல் பழைய மாதிரி சொல்லாதே. உனக்கு வரப்போகிறவளிடம் முதலில் திருத்திச் சொல், லாரியையும் டிரஸ்ஸரையும் வேண்டுமானால் அப்படியே வைத்துக்கொள். உன் பிள்ளைகளுக்கு ஒருநாள் ஏதாவது ஆகாது என்று யாராவது சொன்னால், சிரிப்பதற்கு முன்னால் ஏன் என்று ஒரு தரம் கேள். நான் கேட்கவில்லை.

உறை இதோடு இருக்கிறது. பெயர் எழுதாமல் விட்டிருக்கிறேன், நீ எழுது. திருமதி சவரிமுத்து என்று எழுது, அவருக்குப் பிடிக்கும். சனிக்கிழமை போனால் அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. லம்பாம் மீனாக இருந்தால் முள் அதிகம். பார்த்துச் சாப்பிடு.

அம்மா